அட்டையை மறைத்துப் படிப்பவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

வாசிப்பு ரசனை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ‘பெயர் போட வேண்டாம்’ என்று கிட்டத்தட்ட எல்லோருமே கேட்டிருந்தார்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அலுவலகத்தில் ஐந்தாறு பேர் கூடினால் புத்தகப் பேச்சுதான். மற்றவர்கள் எல்லோரும் தீவிர இலக்கியம். நான் படிப்பது மர்ம நாவல், அதுவும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் மாத நாவல். ‘இப்ப என்ன படிக்கறீங்க?’ என்று கேட்டால், முப்பது பக்கத்தோடு மூடிவைத்த ஒரு ருஷ்ய நாவலின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறேன். இது எத்தனை நாள் ஓடும்?

அடுத்த கேள்வி வரும்வரை ஓடும். ‘எந்த இடம் பிடிச்சுது?’ என்று யாராவது கேட்டால் முடிந்தது கதை. முப்பதாம் பக்கத்துக்கு அப்பால் உங்களிடம் சரக்கு இல்லை. மாட்டிக்கொள்வதாவது ஒரு நாள் சங்கடம். நீங்கள் கரைத்துக் குடித்திருக்கும் ஒரு வகையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பது தினசரி நஷ்டம்.

கூச்சப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். புத்தகத்தின் பெயரைச் சொல்லுமுன் மன்னிப்புக் கேட்டுவிடுகிறார்கள். ‘சும்மா டைம்பாஸ்தான்’, ‘நீங்கள்லாம் படிக்கற மாதிரி இல்ல’ என்று ஒரு முன்னுரை. எதிரில் இருப்பவருக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி எதுவும் தெரியாது. நீங்கள் போட்ட மார்க்கை அப்படியே வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை ஏளனம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள்.

முன்னுரையை வெட்டுங்கள். என்ன வகைக் கதை, முடிச்சு என்ன, எது பலித்தது அல்லது பலிக்கவில்லை, இவ்வளவு போதும். ‘ஒரு மர்மக் கதை. கொலை பண்ணினது யாருன்னு பத்தாம் பக்கத்துலயே சொல்லிடறார். எப்படி மாட்டறான்கறதுதான் மிச்சம். நடுவுல கொஞ்சம் இழுவை, ஆனா ரயில் டிக்கெட்டை வச்சு மடக்கற இடம் பிரமாதம்.’ இருபது விநாடிகூட ஆகாது. இப்படிச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் கேட்கும் அடுத்த கேள்வி, ‘அப்புறம் எப்படி மாட்டினான்?’ என்பதாகத்தான் இருக்கும்.

மர்மக் கதை வாசகர்களுக்குத் தாங்கள் கற்றுக்கொண்டது என்னவென்று சொல்லத் தெரிவதில்லை. முக்கியமான தடயத்தைத் தனியாக வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதால் எழுத்தாளர் அதைப் பட்டியலுக்குள் புதைப்பார். மேசை மேல் மூக்குக்கண்ணாடி, நின்றுபோன கடிகாரம், பாதி எழுதிய கடிதம் என்று மூன்றைச் சொன்னால் கண் முதலிலும் கடைசியிலும் தங்கும், நடுவில் இருப்பது நழுவிவிடும். அல்லது தடயத்தைக் காட்டிய அடுத்த வரியிலேயே தொலைபேசி அடிக்கும், யாராவது மயங்கி விழுவார்கள். நூறு கதை படித்தவருக்கு, ‘இப்ப எதுக்கு போன் அடிக்குது?’ என்று அந்த இடத்தில் பொறி தட்டும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயத்தை வாசகரிடம் ஒளிக்கக் கூடாது என்பது ஒன்று, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. கடைசியாகப் படித்த கதையை இந்த இரண்டு விதியில் மட்டும் உரசிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போங்கள். பேச விஷயம் இருக்கும்.

ஆனால், ‘என் நாவலும் உங்கள் ருஷ்ய நாவலும் சமம்’ என்று வாதாடக் கிளம்ப வேண்டாம். அது தோற்கும் வழக்கு, தேவையும் இல்லாத வழக்கு. வசனம் தட்டை, பெண் பாத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சு என்று நன்றாகத் தெரிந்துகொண்டே ஒரு நாவலை விரும்பலாம். குறையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் கிண்டல் செய்ய வந்தவருக்கு வேலை இல்லை.

இந்தக் கூச்சம் புதியதும் அல்ல. ஒரு காலத்தில் நாவல் என்ற வகையே மட்டமாகக் கருதப்பட்டது. என்ன படிக்கிறாய் என்று கேட்டதும் ‘ஒண்ணுமில்ல, வெறும் நாவல்தான்’ என்று சொல்லிக் கூச்சத்தோடு புத்தகத்தைக் கீழே வைக்கும் இளம்பெண்ணை, 1817 டிசம்பரில் வெளிவந்த தன் நாவல் ஒன்றில் ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் வாருகிறார். அந்த நாவலை இன்று கல்லூரியில் பாடமாகப் படிக்கிறார்கள்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் உயிராகப் படித்த சாகசத் தொடரை மறுபடி படிக்க ஆசை. இரண்டு பயம். ஒன்று, வீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்னொன்று, இப்போது படித்தால் சப்பென்று போய்விடுமோ?

சிரிப்பை முதலில் முடித்துவிடலாம். நார்னியா சிறுவர் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1952இல் ஒரு கட்டுரையில், பத்து வயதில் தேவதைக் கதைகளை ஒளித்து வைத்துப் படித்ததாகவும் ஐம்பது வயதில் எல்லோர் முன்னாலும் படிப்பதாகவும் எழுதினார். பெரியவர்களாகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பே சிறுபிள்ளைத்தனம் என்பது அவர் கட்சி. எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது என்று பதிப்பாளர்களுக்குத் தெரியும். ஹாரி பாட்டர் முதல் புத்தகத்துக்கு 1998இல் பிரிட்டனில் பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டார்கள். ஓவியத்துக்குப் பதில் கறுப்பு வெள்ளையில் நீராவி ரயிலின் புகைப்படம். உள்ளே கதை அதேதான். உங்களைப் போலக் கூச்சப்பட்டவர்கள் தனி அட்டை போடும் அளவுக்கு இருந்திருக்கிறார்கள்.

சப்பென்று போவது நிஜமான ஆபத்து. அதற்குக் காரணங்கள் உண்டு, பாதியைத் தவிர்க்கவும் முடியும்.

முதல் காரணம் பதிப்பு. நீங்கள் அன்று படித்தது சுருக்கப் பதிப்பாக இருக்கலாம், அல்லது வேறொருவரின் மொழிபெயர்ப்பு. இன்று கடையில் கிடைப்பது முழுப் பதிப்பாகவோ, ‘திருத்திய’ பதிப்பாகவோ இருந்தால் வேறு யாரோ எழுதியது போலத் தோன்றும். ஓவியங்கள் மாறியிருந்தால் இன்னும் மோசம். குழந்தையாக இருக்கும்போது கதாபாத்திரத்தின் முகத்தை ஓவியத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம். வாங்குமுன் பதிப்பாண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர், ஓவியர் பெயர், பக்க எண்ணிக்கை நான்கையும் பாருங்கள். பழைய 96 பக்கப் புத்தகம் இப்போது 250 பக்கமாக இருந்தால் அது நீங்கள் படித்த புத்தகம் அல்ல.

இரண்டாவது, முதல் இருபது பக்கம். அங்கே ஆளை மயக்கும் கதை இன்னும் தொடங்கியிருக்காது, மொழியை எடைபோடும் பெரியவரின் கண் மட்டும் வேலை செய்யும். ‘இவ்வளவு எளிமையாகவா எழுதியிருக்கிறார்?’ என்று தோன்றுவது அங்கேதான். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். தினம் ஐந்து பக்கம் என்று பிய்த்துப் பிய்த்துப் படிக்காமல், விடுமுறை நாளில் ஒரே உட்காரலில் பாதிப் புத்தகத்தையாவது தாண்டுங்கள். அந்த வயதில் அப்படித்தானே படித்தீர்கள்?

மூன்றாவதுதான் மனதைக் கஷ்டப்படுத்தும். கறுத்தவன் என்றால் திருடன், வெளியூர்க்காரன் என்றால் வில்லன், பெண் என்றால் பந்தம் பிடித்துக்கொண்டு பின்னால் வருபவள் என்று பழைய சாகசக் கதைகளில் நிறைய உண்டு. பத்து வயதில் உறுத்தாதது இப்போது முள்ளாகக் குத்தும். பிடித்த புத்தகம் என்பதற்காக அதற்கு வக்காலத்து வாங்க வேண்டாம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே படிக்கலாம். பேரப்பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது எந்த இடத்தில் நிறுத்திப் பேச வேண்டும் என்பதற்கு அந்தக் கோடு உதவும்.

புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு தாளில் நினைவிருப்பதை ஐந்து வரி எழுதி மடித்து வையுங்கள்: யார் யார், எந்தக் காட்சி, எப்படி முடிந்தது. முடித்த பிறகு ஒப்பிட்டால், நீங்களே சேர்த்துக்கொண்ட காட்சி ஒன்றாவது அகப்படும். புத்தகத்தில் இரண்டே வரியில் கடந்துபோகும் குகையை நீங்கள் இத்தனை ஆண்டுகளாக ஒரு முழு அத்தியாயம் என்று வைத்திருப்பீர்கள். ஏமாற்றம் வந்தாலும் அதன் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும்.

‘முடிவுதான் தெரியுமே’ என்பது பெரிய தடையல்ல. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான்டியாகோ வளாகத்தில் இருவர் நடத்திய சோதனையில், சிறுகதையின் முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் அதைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும் மறுவாசிப்பில் நாம் தேடுவது முடிவை அல்ல.

கல்லூரியில் படிக்கிறேன். தீவிர இலக்கியம் படிக்க நிஜமாகவே ஆசைப்படுகிறேன். எதை எடுத்தாலும் முப்பது பக்கத்தில் நின்றுவிடுகிறது. பேய்க்கதை என்றால் ஒரே இரவில் முடிக்கிறேன். எனக்கு மூளை அவ்வளவுதானா?

முதலில் ஒரு சோதனை. இந்தப் புத்தகத்தைப் படித்தீர்கள் என்று எந்தக் காலத்திலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, யாரிடமும் சொல்லவும் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எடுப்பீர்களா? இல்லை என்றால் அந்தத் தலைப்பைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஆமாம் என்றால் மேலே படியுங்கள்.

முப்பதாம் பக்கத்தில் நிற்பதற்கு மூளை காரணமாக இருப்பது அபூர்வம். வேகம் காரணமாக இருக்கலாம். பேய்க்கதையில் கதை உரையாடலில் ஓடும், வர்ணனையைத் தாண்டிக் குதித்தாலும் ஒன்றும் கெடாது. நீங்கள் எடுக்கும் நாவல்களில் கதையே வர்ணனைக்குள் இருக்கும். அதே வேகத்தில் போனால் பத்துப் பக்கத்துக்குள் யார் யாரென்றே தெரியாமல் போகும். ஒரு உட்காரலுக்கு 15 பக்கம் போதும், ஆனால் அந்த 15 பக்கமும் நடுவில் போனை எடுக்காமல்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. ருஷ்ய நாவல்களில் ஒரே ஆளை ஒருவர் முதற்பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்து அழைப்பார், இன்னொருவர் குடும்பப் பெயரால் அழைப்பார், அம்மா செல்லப்பெயரால் கூப்பிடுவார். மூன்று பேர் என்று நினைத்தால் கதை எங்கே புரியும்? பக்க அடையாளத்துக்கு ஒரு வெள்ளை அட்டையை வைத்து, முதல் ஐம்பது பக்கத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எல்லாப் பெயர்களும், யாருக்கு என்ன உறவு என்றும். கதை முன்னும் பின்னும் தாவினால், அத்தியாயத் தலைப்பருகே ‘எப்போது, யார் சொல்கிறார்’ என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பையும் சந்தேகப்படுங்கள். ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பாருங்கள். இரண்டு முறை நாக்குத் தடுக்கி, முதல் வார்த்தைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தால், கோளாறு பெரும்பாலும் உங்களிடம் இல்லை. வேறு மொழிபெயர்ப்பு இருந்தால் அதே பத்தியை அதில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தடித்ததையும் புகழ்பெற்றதையும் முதலில் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது, எல்லோரும் விழுவதும் அங்கேதான். அதே எழுத்தாளரின் எட்டுப் பத்துப் பக்கச் சிறுகதைகள் நான்கைந்து, பிறகு நூறு நூற்றைம்பது பக்கக் குறுநாவல், அப்புறம் பெரியது என்று போனால் அவர் குரல் காதுக்குப் பழகியிருக்கும். பேய்க்கதையை நிறுத்த வேண்டாம். அதை நிறுத்தினால் மொத்த வாசிப்பும் நின்று, அந்த நேரத்தைப் போன் தின்றுவிடும்.

எப்போது கைவிடலாம்? அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன கணக்கு உதவும். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கம் மட்டும் பார்த்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். உங்களுக்கு ஐம்பது, இன்னும் இருபது பாக்கி இருக்கிறது. டேனியல் பெனாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தை எழுதினார். பக்கங்களைத் தாண்டுவதும் முடிக்காமல் விடுவதும் எதை வேண்டுமானாலும் படிப்பதும் அதில் உண்டு. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

மகனுக்குப் பதினொரு வயது. காமிக்ஸைத் தவிர எதையும் தொடுவதில்லை. ‘இதெல்லாம் படிப்பே இல்லை’ என்கிறார் ஆசிரியை. பிடுங்கி வைத்துவிடலாமா?

வேண்டாம். பிடுங்கிய கதை ஒரு நாட்டளவிலேயே நடந்திருக்கிறது. 1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். செனட் குழு விசாரித்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். வெர்தமின் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த நூலகவியல் பேராசிரியை கேரல் டில்லி, பிள்ளைகள் சொன்னதை அவர் பல இடங்களில் மாற்றியும் கலந்தும் பெரிதாக்கியும் எழுதியிருந்ததை 2012இல் வெளியிட்டார்.

‘படிப்பே இல்லை’ என்பதற்கும் பதில் உண்டு. 1988இல் ஹேஸ், அஹ்ரென்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆங்கிலத்தில் ஆயிரம் சொற்களுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணினார்கள். பட்டதாரிகளின் பேச்சில் சுமார் 17. சிறுவர் புத்தகங்களில் 31. காமிக்ஸில் 53, அதாவது பெரியவர்களின் புத்தகங்களுக்குச் சமம்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளை இடத்தில் வாசகருக்கு வேலை இருக்கிறது. ஒரு கட்டத்தில் கதவின் கைப்பிடியில் கை. அடுத்ததில் காலி அறை, திறந்த ஜன்னல், பறக்கும் திரை. ஆள் தப்பி ஓடியதை யாரும் வரையவில்லை, உங்கள் மகன்தான் உள்ளே போட்டுக்கொள்கிறான். ‘இதுக்கும் அதுக்கும் நடுவுல என்னடா ஆச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். எழுத்தே நிறைந்த ஒரு பக்கத்தை அவன் உரக்கப் படிக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுமாறினால், அவன் படத்தை மட்டும் பார்த்துக் கதையை ஊகித்துக்கொண்டிருக்கலாம். அப்போது கண் பரிசோதனை, ஆசிரியையிடம் பேச்சு இரண்டும் தேவை. சரளமாகப் படித்தால் விட்டுவிடுங்கள். ‘ஒரு நல்ல புத்தகம் முடிச்சா ஒரு காமிக்ஸ்’ என்று பேரம் மட்டும் பேசாதீர்கள். நல்ல புத்தகம் என்பது கசப்பு மருந்து என்று நீங்களே சொல்லிக்கொடுத்தது போலாகும்.

விருந்தினர் வரும்போது பழைய சித்திரக்கதைகளையும் மாத நாவல்களையும் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறேன். செய்தித்தாளில் சுற்றித்தான் வைக்கிறேன். புத்தகங்களுக்கு ஏதாவது கெடுதல் உண்டா?

உண்டு, இரண்டாலும். மலிவுத்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுப்பாகி அமிலம் கக்குவதால்தான் தாள் நொறுங்குகிறது. செய்தித்தாளும் அதே ஜாதி. அதன் அமிலம் உங்கள் அட்டைக்கும் இறங்கும். பின்வரிசையில் காற்றோட்டமில்லாமல் சுவரின் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும்.

சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, நேர் வெயில் படாத தட்டில் வையுங்கள். மெல்லிய இதழ்களைப் பத்துப் பத்தாகப் படுக்கவைக்கலாம். உறை போடுவதானால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். பிவிசி உறை நாளடைவில் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்டு போடாதீர்கள், உருகி ஒட்டும். கிழிசலுக்கு செல்லோ டேப் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தங்கும், அதை வீட்டில் எடுக்க வழியில்லை. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் நடுப்பக்கத்தில் அதன் கால்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டை வழியாகப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள்.

முன்வரிசையில் வைப்பதற்கு இத்தனை காரணம் போதும் என்று நினைக்கிறோம்.

நான் தீவிர வாசகன். மனைவி காதல் தொடர்கதைகளை மட்டும் படிக்கிறாள். நல்ல புத்தகங்களைக் கொடுத்தால் தொடுவதில்லை. அவள் ரசனையை எப்படி உயர்த்துவது?

உயர்த்தச் சொல்லி அவர் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவருக்குப் பிடித்த தொடர்கதைகளில் ஒன்றை, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, முழுதாகப் படியுங்கள். கதையில் காதலர்கள் சேர்வது முதல் பக்கத்திலேயே உறுதி. எதனால் தள்ளிப்போகிறது, எந்த இடத்தில் எந்தச் சொல்லால் முறுக்கு தளர்கிறது என்பதில்தான் அந்த வகையின் வித்தை இருக்கிறது. அதை அவரிடம் பேச முடிந்த பிறகு, அதே முடிச்சு உள்ள ஒரு புத்தகத்தை உங்கள் அலமாரியிலிருந்து கொடுக்கலாம். கொடுத்த பிறகு ‘முடிச்சாச்சா?’ என்று கேட்காதீர்கள்.

சின்ன வயதில் படித்த ஒரு கதை, தலைப்பே நினைவில்லை. தீவு, குள்ள மனிதர்கள், பேசும் கிளி. எப்படித் தேடுவது?

தீவும் குள்ளர்களும் நூறு கதைகளில் வருவார்கள். அதை வைத்துத் தேடினால் கிடைக்காது. விசித்திரமான ஒன்றைப் பிடியுங்கள்: கிளி என்ன சொல்லும், அதன் பெயர் என்ன, யாருக்காவது கண்ணோ கையோ இல்லையா? எந்த வகுப்பில் படித்தீர்கள், தனிப் புத்தகமா இதழில் வந்த தொடரா, ஓவியம் கோட்டோவியமா வண்ணமா, பாத்திரங்களின் பெயர் வெளிநாட்டுப் பெயரா என்பதையும் எழுதுங்கள். வெளிநாட்டுப் பெயர் என்றால் மொழிபெயர்ப்பாக இருக்கும், மூலத்தின் தலைப்பு வேறாக இருக்கலாம். அட்டையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், எல்லோருக்கும் அதுதான் முதலில் மாறிப்போகிறது. எத்தனை தேடியும் அகப்படவில்லை என்றால் இரண்டு கதைகள் ஒன்றாகக் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிளியைத் தனியாகவும் தீவைத் தனியாகவும் தேடிப் பாருங்கள்.